உள்ளே என்பது எந்தப் பக்கம்

கிருஷ்ணகிரி
7 ஜூலை 2025

வெஸ்லின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படித்தால் போதும்.

நீங்கள் போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று நம் மகள் ரெனிட்டாவிடம் வருத்தப்பட்டீர்களாம். காரணம் கோபம் மட்டுமில்லை. போன வாரம் என் தங்கை ராஜாத்தி ஸ்பீக்கரில் போட்டு உங்களோடு பேசினாள். உங்கள் குரல் கேட்டதும் வெஸ்லின் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். கேட்டைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றான். இருபத்து நான்கு வயதுப் பிள்ளையை நான் எப்படி இழுத்து வருவேன்? குரல் வந்தால் ஆளும் வர வேண்டும் என்பது அவன் கணக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. போனில் எழுதி அனுப்பலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுத்தாலே நீங்கள் அதற்குள் இருப்பதாக நினைத்துப் பிடுங்குகிறான். காகிதத்தை அவன் சீண்டுவதில்லை. ஆகவே கடிதம்.

மே மாதம் ஏற்காட்டில் நடந்ததைக் கிளற ஆசையில்லை. ஆனால் நான் ஏன் ராஜாத்தி வீட்டில் இருக்கிறேன் என்பது நம் இருவருக்கும் ஒரே மாதிரி விளங்க வேண்டும். அந்த லாட்ஜில் வெஸ்லின் கத்தினான். பக்கத்து அறைக்காரர்கள் புகார் சொன்னார்கள். மேனேஜர் அறையைக் காலி செய்யச் சொன்னார். வேளாங்கண்ணியிலும் கொடைக்கானலிலும் நடந்ததுதான், எனக்குப் பழகிவிட்டது. காரில் பெட்டியை ஏற்றும்போது நீங்கள் சொன்னீர்கள்: “ஹோம்ல எடம் கேட்டு வெச்சிட்டேன் செல்வி. இனிமே இவன நம்மால ஆவாது.” என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இடம் கேட்டது ஒன்று. பின்சீட்டில் அவன் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொன்னது இன்னொன்று. பேச வராதவனுக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னார்கள்?

நான் பாடம் எடுத்த பள்ளியில் சில பெற்றோர் வருவார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, “இது தேறாது டீச்சர்” என்பார்கள். நான் முதலில் அந்தப் பிள்ளையைத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று வெளியே அனுப்புவேன். பிறகுதான் பதில் சொல்வேன். அன்றைக்கு அந்தக் காரிலிருந்து அவனை எங்கே அனுப்புவது? அதனால்தான் வழியில் இங்கே இறங்கிக்கொண்டோம்.

எப்போது வருவாய் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

அருள்செல்வி


ஓசூர்
13 ஜூலை 2025

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. முப்பது வருஷம் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதியவன் நான். உன்னைப் போல எழுத வராது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த ஹோமில் இடம் கேட்டது உண்மை. டிசம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அறுபத்து மூன்று, உனக்கு அறுபத்தொன்று. நமக்குப் பிறகு ரெனிட்டா தலையில் இதைக் கட்ட முடியாது. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவன் எதிரில் சொன்னது தப்பு.

காலையில் எழுந்ததும் கால் தானாக அவன் அறைக்குப் போகிறது. தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் அறை காலி என்று ஞாபகம் வருகிறது. அப்படியே திரும்பி வருகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இனி நமக்கு லாட்ஜ் வேண்டாம். நாமே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள ஒரு வண்டியில் போய், நிறுத்துகிற இடத்திலேயே தங்கிக்கொள்ளலாம். காலி செய் என்று சொல்ல யாரும் இல்லை. மூன்று வகை பார்த்தேன். கார் கூரை மேல் விரிக்கிற கூடாரம் ஒன்று. ஏணியில் ஏற அவனுக்குப் பயம். கார் பின்னால் இழுக்கிற டிரெய்லர் ஒன்று. ஓடும்போது அதில் ஆள் இருக்கக்கூடாது. காரிலிருந்து இறக்கி இதில் ஏற்ற வேண்டும். இடம் மாறினால்தான் அவனுக்குக் கலக்கம், உனக்குத் தெரியும். மூன்றாவது, ஒரே வேன். அவன் இருக்கிற இடம் மாறாது, ஜன்னலுக்கு வெளியே ஊர்தான் மாறும்.

அதனால் போச்சம்பள்ளி கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிவிட்டேன். இன்ஜின் நல்ல கண்டிஷன். சீட்டை எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஜூஜுவாடியில் லாரிக்குப் பாடி கட்டுகிற சென்னப்பன் ஷெட்டில் நிற்கிறது. பின்பாதி தடுப்பு வைத்து அவனுக்குத் தனி அறை. முன்பாதி நமக்கு. அந்த அறையில் என்னென்ன வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ்


கிருஷ்ணகிரி
26 ஜூலை 2025

வெஸ்லின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதை ராஜாத்திக்குப் படித்துக் காட்டினேன். “ஏக்கா, மாமா பஸ் கட்றாராமா? கிருஷ்ணகிரி ஓசூர் ரூட்டுக்கு பர்மிட்டு வாங்கிக்கச் சொல்லு. கண்டக்டரு நீதான்” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கேட்காமல் மேலே எழுத முடியவில்லை.

இந்த வண்டி எதற்கு? நாம் மூவரும் ஊர் பார்க்கவா? இல்லை, அழாமல் கத்தாமல் அவனை அந்த ஹோம் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கவா? நேராகப் பதில் எழுதுங்கள்.

கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். அவன் படுக்கை மூலையில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் சுவர் உடம்பில் பட வேண்டும். ஜன்னல் தாழ்வாக இருக்கட்டும். அவன் மலையையும் மரத்தையும் பார்ப்பவன் இல்லை. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைத்தான் பார்ப்பான். கோடு ஓடுகிறவரை அமைதியாக இருப்பான். விளக்கு சத்தம் போடாததாக இருக்க வேண்டும். நமக்குக் கேட்காத ரீங்காரம் அவனுக்குக் கேட்கிறது. கூரைதான் எனக்குப் பெரிய கவலை. தகரத்தில் மழை பெய்தால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால், பார்த்துக்கொண்டே இருந்ததால் தெரியும். ஐந்தாம் வகுப்பில் கெம்பம்மா என்று ஒரு பெண் இருந்தாள். வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை. மந்தம் என்று எழுதிவிட இருந்தேன். ஒரு நாள் சத்துணவுக்கு வந்த அம்மாள் அவளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கன்னடத்தில் முழுவதும் சொன்னாள்! அவளுக்குத் தெரியாதது கணக்கு இல்லை. நான் கேட்ட மொழி.

ஆகவே கேள்வியைக் கேட்டுவிட்டேன். பதில் வரட்டும்.

அருள்செல்வி


ஓசூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி,

நேராகவே எழுதுகிறேன். ஊர் பார்க்கத்தான். ஹோம் தனி விஷயம். இரண்டையும் நான் கலக்கவில்லை. நீயும் கலக்காதே.

நீ எழுதியதைச் சென்னப்பனிடம் படித்தேன். “டிராயிங் அப்ரூவல் மேடமா சார்? அப்ப சரி. நீங்க சும்மா டீ குடிங்க” என்றான். ஜன்னலைத் தாழ்த்தியாயிற்று. கூரைக்குத் தகரம், அதன் கீழே தெர்மாகோல், அதன் கீழே பிளைவுட். மேலே ஏறி வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே அரிசி களைகிற சத்தம்தான். விளக்கு பாட்டரியில் எரிவது, நானே காதை வைத்துக் கேட்டேன். அடுப்பு பக்கக் கதவை ஒட்டி. தண்ணீர்த் தொட்டி நம் பெஞ்சுக்குக் கீழே. வண்டி ஓடும்போது பக்கக் கதவு டிரைவர் போடுகிற பூட்டில் இருக்கும், எல்லா வேனிலும் உள்ளதுதான். பாடியை மாற்றினதற்கு ஆர்டிஓ ஆபீசில் அப்ரூவல் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது.

பின் அறைத் தடுப்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று சென்னப்பன் கேட்டான். வெளியே என்று சொல்லிவிட்டேன். ரெக்சின் எந்தக் கலர் என்று மட்டும் எழுது. பச்சை, நீலம் இரண்டுதான் ஸ்டாக் இருக்கிறது.

ஜேம்ஸ்


கிருஷ்ணகிரி
3 செப்டம்பர் 2025

வெஸ்லின் அப்பாவுக்கு,

பதில் தாமதமானது. பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தாழ்ப்பாள் வெளியே என்று ஒரே வரியில் எழுதிவிட்டு ரெக்சின் கலருக்குப் போய்விட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே? அதைப் பற்றி நாம் என்றைக்காவது பேசியிருக்கிறோமா? பதின்மூன்று வயதில் அவன் ராத்திரி வெளியே போய்க் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் கிடைத்தானே, அதற்கு மறுநாள் நீங்கள் அவன் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் அடித்தீர்கள். அன்றிலிருந்து ராத்திரி மூடுவது என் வேலை. காலையில் திறப்பது உங்கள் வேலை. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அமைந்தது.

இதை ஒரு பாடம் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தினமும் மணி அடித்துக் கதவைச் சாத்துகிறவர். இன்னொருவர் தினமும் மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விடுகிறவர். பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும்? உங்கள் குரல் கேட்டால் அவன் ஏன் வாசலுக்கு ஓடுகிறான் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் சாப்பாடு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், நகம் வெட்டுகிறேன். இருட்டியதும் என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குகிறான். பதினோரு வருஷமாக நான் மூடுகிறவள்.

ராஜாத்தி வீட்டுக் கதவில் வெளித்தாழ்ப்பாள் கிடையாது. நான் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுக்கிறேன். ஒரு நாள் அவன் என்னைத் தாண்டிப் போனான். சத்தம் போடாமல் பின்னால் போனேன். கொல்லையில் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். திரும்பி வந்து படுத்துக்கொண்டான். அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவனுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்ததோ என்னவோ.

வெளித்தாழ்ப்பாள் உள்ள வண்டியில் நானும் ஏற மாட்டேன், அவனையும் ஏற்ற மாட்டேன். அந்த வண்டிக்கும் நீங்கள் சொல்லும் ஹோமுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றுக்குச் சக்கரம் இருக்கிறது.

அருள்செல்வி


ஓசூர்
10 செப்டம்பர் 2025

செல்வி,

நீ அத்திப்பள்ளியில் இல்லை. நான் இருந்தேன்.

போலீஸ்காரர்கள் டீக்கடையில் உட்கார வைத்திருந்தார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது கடைசியில் நடந்தது. நான் போனபோது அவனை லாரிக் கயிற்றால் ஒரு கம்பத்தில் கட்டியிருந்தார்கள். சுற்றி ஒரு கூட்டம். யாருடைய வீட்டுக்குள்ளோ புகுந்தான், திருடன் என்று பேச்சு. “யாரு நீனு? எல்லிந்த பந்தே?” என்று கேட்டிருக்கிறார்கள். யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று தமிழிலும் கேட்டிருக்கிறார்கள், தெலுங்கிலும் கேட்டிருக்கிறார்கள். எந்த மொழியில் கேட்டால் இவன் பதில் சொல்வான்? பதில் சொல்லாததால் அடித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவன் அழவில்லை. கட்டின கையை என் பக்கம் நீட்டப் பார்த்தான். மணிக்கட்டில் முள்வேலி கிழித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது கயிறு.

அன்றைக்குப் பதின்மூன்று வயதுப் பையன். அதற்கே அந்த அடி. இப்போது மீசை தாடியோடு ஆறடி ஆள். தெரியாத ஊரில் ராத்திரி ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன செய்வார்கள்? நீ சொல்லு. நான் அவனை அடைக்கவில்லை செல்வி. ஊரிடமிருந்து அவனை மூடி வைத்தேன்.

இருந்தாலும் நீ எழுதிய பிறகு சென்னப்பனுக்குப் போன் செய்து தாழ்ப்பாளை உள்ளே மாற்றச் சொல்லிவிட்டேன். உனக்காகத்தான். எனக்குப் பயம் போகவில்லை.

ஜேம்ஸ்


கிருஷ்ணகிரி
2 அக்டோபர் 2025

ஜேம்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களை வரச் சொல்லி எழுதலாம் என்று காகிதமும் எடுத்து வைத்தேன்.

நேற்று ரெனிட்டா பெங்களூரிலிருந்து வந்தாள். வழியில் ஜூஜுவாடியில் இறங்கி வண்டியைப் பார்த்து போட்டோ எடுத்து வந்திருந்தாள். “சூப்பரா இருக்குதும்மா, நீ பாரேன்” என்று காட்டினாள். பச்சை ரெக்சின், தாழ்ந்த ஜன்னல், எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. தடுப்புக் கதவின் படமும் இருந்தது. சமையல் பக்கத்திலிருந்து எடுத்தது. அதில், நம் பக்கத்திலேயே, தாழ்ப்பாள் பளபளவென்று தெரிகிறது. புதியது.

மாற்றிவிட்டேன் என்று எழுதினீர்கள். என்னிடம் நீங்கள் மறைத்திருக்கிறீர்கள், ஆனால் எழுத்தில் பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

டிசம்பர்வரை எனக்கு எழுத வேண்டாம்.

அருள்செல்வி


ஓசூர்
6 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

வேண்டாம் என்றாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். படிக்காமல் வைத்துவிடாதே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போனேன். நீ சொன்னது சரி. தாழ்ப்பாள் நம் பக்கம்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“ஏன் சென்னப்பா, உள்ள போடுன்னா வெளிய போட்டு வெச்சிருக்கற?”

“உள்ளதானே சார் போட்டிருக்குது? மொதல்ல வெளிய போட்டன். நீங்க போன்ல உள்ள மாத்துன்னீங்க. கழட்டி உள்ள மாத்தனன்.”

“பையன் அந்தப் பக்கம் இருக்கறான்யா!”

“பையன் எங்க இருந்தா இன்னா சார்? டிரைவர் இருக்கற பக்கம் உள்ள. டிரைவருக்கு அப்பால தடுப்புக்கு அந்தாண்ட இருக்கறது வெளிய. எங்கப்பன் காலத்துல இருந்து இந்த ஷெட்டுல இதே கணக்கு. லாரிக்குப் பாடி கட்டறவன் வேற எப்பிடி சொல்றது? சரக்கு இருக்கற பக்கத்தப் போயி உள்ளன்னு சொல்வாங்களா?”

மற்ற ஷெட்டில் எப்படியோ, இங்கே பேச்சு அப்படி. புரிகிறதா செல்வி? ஆகஸ்டில் நான் வெளியே என்று சொன்னபோது அவன் தாழ்ப்பாளை வெஸ்லின் பக்கம்தான் போட்டிருக்கிறான். நீ கோபப்பட்டு எழுதிய அன்றைக்கு அது நீ கேட்ட மாதிரியே இருந்திருக்கிறது. நான் திருத்தினதில்தான் கெட்டுப்போனது.

முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று நீ கேட்பாய். வாரம் இரண்டு தடவை போனேன். கூரையைப் பார்த்தேன், ஒயரிங் பார்த்தேன், ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கதவை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. நான் நிற்கிற பக்கத்தைத்தான் நானும் இத்தனை நாள் உள்ளே என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“ஆய்த்து சார், இப்பவே மாத்திடறன். மேடம் சொல்ற பக்கமா, நீங்க சொல்ற பக்கமா? அத மட்டும் சொல்லுங்க” என்றான். பையன் பக்கம் என்றேன். பக்கத்தில் நின்று மாற்ற வைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். நீ வர வேண்டாம். அவனை மட்டும் என்னோடு அனுப்பு. கிருஷ்ணகிரி அணைக்குப் பின்னால் என்னோடு வேலை பார்த்த மாதப்பனுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே நிறுத்தி இரண்டு நாள் தங்குகிறோம். உன் தங்கை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அது சரிப்படாவிட்டால் வண்டியை விற்றுவிடுகிறேன்.

ஜேம்ஸ்


கிருஷ்ணகிரி
15 அக்டோபர் 2025

வெஸ்லின் அப்பாவுக்கு,

படித்தேன். ராஜாத்திக்கும் படித்துக் காட்டினேன். “பாவம் மாமா, தப்பா சொன்னப்ப சரியா நடந்திருக்குது, சரியா சொன்னப்ப தப்பா நடந்திருக்குது. உங்க கல்யாணம் மாதிரியே இருக்குதுக்கா” என்கிறாள். அவள் வாயை மூட முடியாது.

உங்களைப் பொய்யர் என்று எழுதியதை எடுத்துவிடுங்கள்.

கயிறு விஷயத்தை நீங்கள் பதினோரு வருஷம் தனியாகச் சுமந்தீர்கள். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் பயந்திருப்பேன். இரண்டு பேர் சேர்ந்து பயந்திருந்தால் வேறு வழி ஏதாவது தோன்றியிருக்கும். ஒருவர் மட்டும் பயந்தால் தாழ்ப்பாள்தான் தோன்றும்.

தீபாவளிப் பட்டாசுச் சத்தம் அடங்கட்டும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போங்கள். அவன் கையைப் பிடித்து ஏற்றாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அவனாக ஏறட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. அவன் எங்காவது நடக்கத் தொடங்கினால் முன்னால் போய் மறிக்காதீர்கள். பின்னால் நடங்கள். நடைவண்டி பழகும் குழந்தைக்குப் பின்னால் எப்படிக் கையை வைத்துக்கொண்டு போவோம், தொடாமல்? அப்படி. யாராவது கேட்டால், “என் மகன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் அனுப்புகிறேன்.

அருள்செல்வி


ஓசூர்
27 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

நேற்று உன் தங்கை வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஏறுவதற்கு வெகு நேரம் ஆனது, நீ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். ஏறிய பிறகு ஒவ்வொரு ஜன்னலையும் தொட்டான். அப்புறம் நேராகத் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தான். அணை ரோடு முழுக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். மாதப்பன் தோப்பில் நிறுத்தினோம். உப்புமா செய்தேன், பாதி தீய்ந்துவிட்டது. தீய்ந்த பாதியை அவன் எனக்கு ஒதுக்கி வைத்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவன் எழுந்து தடுப்புக் கதவைச் சாத்தினான். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். தள்ளினான், இழுத்தான், தள்ளினான், இழுத்தான். வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு மட்டும் இருந்தவன், முதல் தடவையாக அதைத் தன் கையால் செய்கிறான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு தடவை தள்ளினான். அப்புறம் சத்தமே இல்லை.

கூப்பிட்டேன். திறக்கவில்லை. கூரைமேல் மழை வலுத்தது. தலையை மோதுகிறானோ என்று காதை வைத்துக் கேட்டேன். எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கீல் ஸ்குரூ எல்லாம் என் பக்கம்தான், கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முதல் ஸ்குரூவில் வைத்தும்விட்டேன். செல்வி, அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். இவன் அவனாகச் சாத்திக்கொண்ட முதல் கதவு இது. இதையும் நான் கழற்றிவிட்டால் அவனுக்கு என்று என்ன இருக்கிறது? ஸ்குரூடிரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதையும் மறைக்கவில்லை.

மழை விட்ட பிறகு தாழ்ப்பாள் திறந்தது. வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான், என் கையில் இருந்ததைப் பார்த்தான். குனிந்து என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தி அவனே தாழ்ப்பாள் போட்டான். அப்புறம் சுவரோரமாக ஒண்டிப் படுத்தான், எனக்கு இடம் விட்டு.

காலையில் பழக்க தோஷத்தில் என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கையை எடுத்துவிட்டேன். அவனாக எழுந்து அவனாகத் திறந்து இறங்கி நடந்தான். நீ சொன்னபடி பின்னாலேயே போனேன். தோப்பைத் தாண்டித் தண்ணீர் ஓரம் வரை போய்க் கையை நனைத்துக்கொண்டு நின்றான். ஆடு ஓட்டி வந்த ஒருவர் என்னைப் பார்த்து, “யாருங்க இது?” என்றார். என் மகன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வீட்டில் அவன் அறைத் தாழ்ப்பாளை இன்று கழற்றிவிட்டேன். ஹோம்காரர்கள் போன் செய்தார்கள். என்ன சொல்லட்டும்?

ஜேம்ஸ்


கிருஷ்ணகிரி
1 நவம்பர் 2025

வெஸ்லின் அப்பாவுக்கு,

மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை வாய்விட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். சட்டை என்ற சொல் வந்தபோது, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தவன் ஆட்டத்தை நிறுத்தினான். அதற்கு அர்த்தம் என்ன என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தினான், அவ்வளவுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். ஓசூர் வீட்டுக்கு இல்லை. அந்த வீட்டுக்குள் இருட்டிய பிறகு நுழைய எனக்கு இன்னும் நாள் ஆகும். தாழ்ப்பாளைக் கழற்றினாலும் அந்தக் கதவைப் பார்க்கும்போது என் கைக்கு அதன் ஞாபகம் இருக்கும், அவனுக்கும் இருக்கும். வண்டிக்கு வருகிறேன். அங்கே நான் எதையும் மூடியதில்லை.

ஹோம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். மே மாதத்தில் இருந்த கோபத்தில் உங்கள் காரணத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். அது பொய்யான காரணம் இல்லை. நமக்கு வயதாகிறது. ராஜாத்தி வீட்டுப் படியில் போன வாரம் எனக்குக் கால் பிசகியது. அவன் என்னைத் தூக்கவில்லை, தாண்டிப் போனான். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆகவே அந்த ஹோமை வண்டியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். வெளியே நிறுத்தி, அங்கேயே சில நாள் தங்குவோம். இடம் எப்படி, மனிதர்கள் எப்படி, இருட்டிய பிறகு அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். சரியில்லை என்றால் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். படுக்கை நம்மோடுதானே இருக்கிறது.

ஆனால் முடிவை அவனை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். காருக்குள் அவன் காதில் விழுந்ததுபோல இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்து, அவனிடமே. எந்த மொழியில் கேட்பது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷம் வகுப்பு எடுத்தவளுக்கே தெரியாது. ஹோமின் படத்தைக் காட்டலாம், அங்கே கூட்டிப்போய் ஒரு கட்டிலில் உட்கார வைக்கலாம், கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்வோம். மறுபடி கேட்க வேண்டுமானால் தட்டுவோம். தட்டிவிட்டு, அவன் திறக்கிறவரை இந்தப் பக்கம் நாம் இருவரும் உட்கார்ந்திருப்போம்.

அருள்செல்வி